பூட்டியாவின் மூன்று கோல்கள்

1999 அக்டோபரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பின்பக்கத்திலிருந்துதான் படித்தேன். நான் தேடியது பரி என்ற ஊரின் பெயரை. மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊர். அதன் கால்பந்து கிளப் இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்கோர் கீழ்மூலையில் பொடி எழுத்தில் வரும். சில வாரம் அதுவும் வராது. கோல் போட்டது யார் என்று தெரிய வழியே இல்லை. ஹாஸ்டலே டெண்டுல்கர் பேச்சில் இருக்க, நான் பாய்ச்சுங் பூட்டியா இறங்கினாரா, பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாரா என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

சிக்கிமில் டின்கிதாம் என்ற மலைக் கிராமத்துப் பையன் அவர். 1997 ஜூலையில் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில், மோகன் பகானுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. பார்த்தவர்கள் 1,31,000 பேர். அப்படிப்பட்டவர்தான் 1999 செப்டம்பர் 30 அன்று பரியோடு கையெழுத்திட்டார். ஐரோப்பிய கிளப் ஒன்றோடு ஒப்பந்தம் போட்ட முதல் இந்தியக் கால்பந்து வீரர். அக்டோபர் 3 அன்று கார்டிஃப் சிட்டிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். முதல் கோல் விழ அடுத்த ஏப்ரல் ஆகிவிட்டது, எதிரணி செஸ்டர்ஃபீல்ட்.

மூன்று சீசன், 37 லீக் ஆட்டம், 3 கோல். முழங்கால் காயத்தோடு 2002இல் ஊர் திரும்பினார். ‘மூணே கோலா?’ என்று அன்று சிரித்தவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. இங்கிலாந்தில் எட்டு, ஒன்பது வயதிலேயே பையன்களை அகாடமியில் சேர்த்துவிடுகிறார்கள். இவர் போனதே 23ஐ நெருங்கும்போது. அந்தப் பதினைந்து வருடப் பாடத்தைப் பெஞ்சில் உட்கார்ந்தபடி படித்து முடிக்க முடியாது. தேர்ந்த ஸ்ட்ரைக்கர் அவர். தாமதமாக அனுப்பியது நாம்.

கதவு திறந்துவிட்டது, இனி வரிசையாகப் போவார்கள் என்று நம்பினேன். 2009இல் சுனில் சேத்ரியை லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுக்க முன்வந்தது. பிரிட்டன் வேலை அனுமதி மறுத்துவிட்டது. ஃபிஃபா பட்டியலில் முதல் 70 இடத்துக்குள் இருக்கும் நாட்டு வீரராக இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. இந்தியா நூறுக்கும் கீழே கிடந்தது. இந்தியாவுக்காகத் தொண்ணூறுக்கும் மேல் கோல் அடித்த மனிதருக்கு, நாட்டின் தரவரிசையே குறுக்கே நின்றது. கேன்சஸ் சிட்டிக்கும் லிஸ்பனில் ஸ்போர்ட்டிங்கின் இரண்டாம் அணிக்கும் போய்வந்தார்; எங்கேயும் வேரூன்ற விடவில்லை.

அந்தப் பரி கிளப்பே கடன் தொல்லையில் மூழ்கி 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. 1885இல் தொடங்கி, எஃப்ஏ கோப்பையை இரண்டு முறை வென்ற கிளப். உறவுக்காரர் வீடு இடிந்ததுபோல் இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு சரியாக ஐந்தே மாதம். 2020 ஜனவரியில் மணிப்பூரின் பாலா தேவி கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் மகளிர் அணியில் சேர்ந்தார். 1936இல் கொல்கத்தாவின் முகமது சலீம் வெறுங்காலில் துணி சுற்றிக்கொண்டு செல்டிக்குக்கு ஆடினாரே, அதே ஊர். அந்த டிசம்பரில் மதர்வெல்லுக்கு எதிராக பாலா தேவி கோல் அடித்தபோது செய்தி உடனே என் ஃபோனுக்கு வந்துவிட்டது. 1999இல் பெண்கள் கால்பந்து பற்றி ஒரு வரி படித்ததாகக்கூட நினைவில்லை. பஞ்சாபின் மனீஷா கல்யாண் 2022இல் சைப்ரஸின் அப்போலன் அணிக்காகப் பெண்கள் சாம்பியன்ஸ் லீகிலேயே ஆடிவிட்டார். ஆண்கள் திறக்கத் திணறிய கதவு இது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 2019இல் பாலா தேவி ஆடிய மணிப்பூர் போலீஸ் அணியை இந்திய மகளிர் லீக் இறுதியாட்டத்தில் 3-1 என்று வீழ்த்தியது மதுரையின் சேது எஃப்சி. அந்தத் தரத்தில் ஆடும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

பாலா தேவி கிளாஸ்கோ போனபோது அவருக்கு வயது 29. பூட்டியாவுக்கு நேர்ந்த அதே தாமதம், இன்னும் ஆறேழு வருடம் கூடுதலாக. உங்கள் தெருவில் கோல் அடிக்கத் தெரிந்த ஒரு பெண் இருந்தால் வேலை, கல்யாணம் என்று அவளை நிறுத்திவைக்காதீர்கள். பாஸ்போர்ட் எடுத்துக்கொடுங்கள். பதினெட்டு முடிந்ததும் அவள் போகட்டும்.