மஞ்சள் பூசிய மகராசனுக்கு

வாய்யா பேராண்டி, உட்காரு. ஸ்கூடாய் யு.டி.எம்.ல படிக்கிற பிள்ளை குளுவாங்குக்கு வந்திருக்குன்னு ஆயா கோழியைப் பிடிக்கப் போயிருக்கா. அதுக்குள்ள உன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் ஹைலைட்டர். மஞ்சள் படாத வரி எதுன்னு தேடினா, அட்டையில இருக்கிற உன் பேரு மட்டும்தான் தப்பிச்சிருக்கு.

"நாலு தடவை வாசிச்சிட்டேன் தாத்தா"ங்கிறே. சரி, மூடி வச்சிட்டுச் சொல்லுய்யான்னா கூரையைப் பார்க்கிறே. அங்க ஒண்ணும் எழுதி வைக்கலையே ராசா.

உங்க அக்கா அன்னைக்கு ஒரு சேதி படிச்சுக் காட்டினா. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ரோடிகர், கார்ப்பிக்கேன்னு ரெண்டு பேர் 2006-ல ஒரு ஆய்வு போட்டாங்களாம். ஒரு கூட்டம் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிச்சது. இன்னொரு கூட்டம் ஒரு தடவை வாசிச்சிட்டு, மூடி வச்சு, நினைவுல இருந்ததை எழுதிப் பார்த்தது. அஞ்சு நிமிசம் கழிச்சுக் கேட்டப்ப வாசிச்சவன் ஜெயிச்சான். ஒரு வாரம் கழிச்சுக் கேட்டப்ப எழுதிப் பார்த்தவன் ஜெயிச்சான். இதுல வேடிக்கை என்னன்னா, 'எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்'னு அதிகம் நம்பினதும் அந்த வாசிச்ச கூட்டம்தான். உன் சொந்தக்காரங்க எங்கெங்கெல்லாம் இருக்காங்க பாரு.

நான் தோட்டத்துல ரப்பர் மரம் வெட்டின ஆளு. விடியறதுக்கு முன்னாடி நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு நிரைக்குள்ள இறங்கணும். வெயில் ஏறினா பால் ஓட்டம் குறைஞ்சிரும். பட்டையை ஒண்ணு, ஒண்ணரை மில்லிமீட்டர்தான் சீவணும். இன்னைக்கு வெட்டினா நாளைக்கு விடணும். ஒரு மாசத்துப் பாலை ஒரே ராத்திரியில எடுக்கிறேன்னு ஆழமா இறக்கினவன் மரத்தைப் புண்ணாக்கினான், கிராணிகிட்ட ஏச்சும் வாங்கினான். நீ சோதனைக்கு முந்தின ராத்திரி மாமாக் கடையில மூணு தே தாரேக் வச்சுக்கிட்டு விடிய விடிய இறக்குறியே, அது இந்த வெட்டுதான். 1885-லேயே எபிங்ஹவுஸ்ங்கிற ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் பண்ணித் தன்னையே சோதிச்சுப் பார்த்திருக்கார். படிச்சதுல பெரும்பங்கு முதல் நாளே போயிருதாம். அதனால கொஞ்சம் எடு, விடு, மறுபடி எடு.

வெள்ளைக்காரன் சொன்னாத்தான் நம்புவேன்னா விடு. நம்ம பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்துல அப்பவே கணக்குப் போட்டு வச்சிருக்கார். வாத்தியார் சொன்னதை ஒழுங்கா வாங்கிக்கிட்டாலும் கிடைக்கிறது கால் பங்கு. கூடப் படிக்கிறவங்களோட பேசிப் பழகினா இன்னொரு கால். மிச்ச அரைப்பங்கு நீ அடுத்தவனுக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். நீ விரிவுரைக்குப் போறதே பாதி நாள். அப்ப உன் பங்கு அரைக்கால். பரவாயில்ல, அதையாவது பத்திரமா வச்சுக்க.

சரி, அந்த அசைன்மென்டை எடு. தலைப்பு கோத்தா திங்கி வெள்ளம். 2006 டிசம்பர்ல ஒண்ணு, அது வடிஞ்சு ஊரைக் கழுவி முடிக்கறதுக்குள்ள 2007 ஜனவரியில இன்னொண்ணு. எழுத எவ்வளவு கிடக்கு! நீ என்னடான்னா, 'ஆதி காலம் முதல் மனிதன் ஆற்றங்கரைகளில் வாழ்ந்து வருகிறான்'னு ஆரம்பிச்சு, நைல் நதியில குளிச்சு, சிந்துவுல தலை துவட்டி, மூணாம் பக்கத்துலதான் ஜொகூர் ஆத்துக்கு வந்து சேர்றே. இதுக்கு நன்னூல்ல 'மற்றொன்று விரித்தல்'னு பேரு, பத்துக் குற்றத்துல ஒண்ணு. சொன்னதையே முடிவுரையில மறுபடி ஒப்பிச்சிருக்கே. அது 'கூறியது கூறல்'. கடைசிப் பக்கம் தூக்கக் கலக்கத்துல எழுதினதுன்னு எனக்கே தெரியுது. 'சென்று தேய்ந்து இறுதல்'. பத்துல மூணு தேத்திட்டே. கெட்டிக்காரன்தான்!

நடுவுல ஒரு பத்தி மட்டும் பேராசிரியர் மாதிரிப் பேசுது. யாரு எழுதினதுன்னு கேட்டா, "வார்த்தையெல்லாம் மாத்திட்டேன் தாத்தா"ங்கிறே. காப்பியைப் பிடிக்கிற டர்னிட்டின் கண்டுபிடிக்குதோ இல்லையோ, உன் எழுத்தைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியாதா? படிச்சதை மூடி வை. புரிஞ்சதை உன் நடையில எழுது. அப்புறம் திறந்து சரிபாரு. யாரு சொன்னது, எந்த வருசம், எந்தப் பக்கம்னு அங்கேயே குறிச்சுக்க. அனுப்புற ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பக்க எண்ணைத் தேடி அலையாதே.

சாட்ஜிபிடியா? அதையும் கேள்விப்பட்டேன். கூலாய் பக்கம் செம்பனை நின்ன நிலத்துல டேட்டா சென்டர் முளைக்குதே, உங்க கட்டுரையெல்லாம் அங்கதான் காய்க்குதோ என்னமோ. உன்னைக் கேள்வி கேட்கச் சொல்லு, தப்பில்ல. உனக்குப் பதிலா அது படிச்சா, சோதனை மண்டபத்துக்கும் அதையே அனுப்பி வைக்கணும். பஸ் காசு மிச்சம்.

ஆயா கோழியோட வர்றா. லேப்டாப்பை மூடு. அவ சின்ன வெங்காயம் உரிக்கிற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்து, அந்த ஆறு ஏன் கரையை மீறுச்சுன்னு சொல்லு. "சரி, அப்புறம்?"னு கேட்டாள்னா உனக்குப் பாடம் தெரியும். "போய்த் தேங்காய் துருவு"ன்னு சொன்னாள்னா, துருவிட்டு வந்து முதல்ல இருந்து ஆரம்பி.