ஜெனரேட்டர் வண்டியில் ஒட்டிய படங்கள்

ஃபுல்ஸ்கேப் தாளில் நான்கு கட்டங்கள். ஸ்கோப் படம் என்றால் கட்டத்தின் அகலம் உயரத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். உள்ளே இருக்கும் மனிதர்களுக்கு முகம் கிடையாது. மூக்கு எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு சின்ன முனை மட்டும் உண்டு. கதாநாயகி வலப்பக்கம் பார்க்கிறாளா, இடப்பக்கமா என்று அந்த முனை சொல்லிவிடும். 'லுக்' தப்பினால், எதிரெதிரே நின்று பேசும் இருவர் திரையில் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கட்டத்துக்குக் கீழே லென்ஸ் நம்பர், ட்ராலி போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி. தொண்ணூறுகளில் கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராக இருந்தபோது நான் வரைந்த ஸ்டோரிபோர்டு இவ்வளவுதான்.

அன்று நான் பார்த்த பல யூனிட்டுகளில் இதுகூடக் கிடையாது. டைரக்டர் ஸ்கிரிப்ட் ஓரத்தில் பென்சிலால் ஷாட் பிரித்து வைத்திருப்பார், அல்லது ஸ்பாட்டில் நின்று யோசிப்பார். அப்படி எடுத்த அருமையான படங்கள் நம்மிடம் ஏராளம். ஆனால் எங்கள் டைரக்டர் சிக்கலான காட்சிகளை மட்டும் வரையச் சொல்வார். காரணம் நெகட்டிவ். 35 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1000 அடி ரோல் சுமார் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். வேண்டாத ஷாட்டைத் தாளிலேயே அடித்துவிட்டால் அத்தனை அடி மிச்சம்.

ஒரு ரயில் நிலையக் காட்சி நினைவுக்கு வருகிறது. சின்ன ஊர். இரண்டு ரயில்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் படம் எடுத்து முடிக்க வேண்டும். வரைந்த தாள்களை ஜெனரேட்டர் வண்டியின் பக்கவாட்டில் பசை போட்டு ஒட்டியிருந்தேன். டீ கிளாஸோடு வந்து நின்ற மூத்த லைட்மேன் ஒருவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். "தம்பி, நாலாவது கட்டமும் ஒம்போதாவது கட்டமும் ஒரே பக்கம்தானே? ரெண்டையும் சேத்து எடுத்துட்டா லைட்ட ஒரு தடவை மாத்துனா போதுமே," என்றார். கேமராமேன் வந்து பார்த்தார். டைரக்டரும் வந்தார். ட்ராக் போடும் தம்பி, பிளாட்பாரத்தில் அந்த இடத்தில் சரிவு இருக்கிறது, ட்ராலி நிற்காது என்றான். அந்த ஷாட்டையே அடித்தார் டைரக்டர். எனக்கு ஸ்டோரிபோர்டு என்றால் அந்த அரை மணி நேரம்தான். கதையின் வரிசையில் வரைந்ததை வெளிச்சத்தின் வரிசைக்கு மாற்றி அடுக்கினோம். படிக்கத் தெரியாதவரும் அதில் தன் வேலையைப் பார்த்தார், வாய் திறந்து பேசினார்.

அனிமேஷனில் ஸ்டோரிபோர்டு பிறந்த விதமும் இப்படித்தான். 1930களில் டிஸ்னி ஸ்டுடியோவில் தனித்தனித் தாள்களில் வரைந்து பலகையில் குத்தி வைத்தார்கள். நோட்டில் வரைந்தால் வரிசை மாறாது. பலகையில் குத்தினால் ஒன்றைப் பிடுங்கி வேறிடத்தில் வைக்கலாம், பிடிக்காததைக் கழற்றலாம்.

இப்போது என்னைச் சந்திக்க வரும் இளம் இயக்குநர்கள் ஐபேடைத் திறந்தால் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. மழையில் நனைந்த தெரு, நியான் வெளிச்சம், கதாநாயகனின் கன்னத்தில் ஒரு துளி. நாலு வரி எழுதிக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு வரைந்து தருகிறது. நான் இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்தவற்றில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் ஷூட்டிங் அன்று, "அந்த போர்டு எங்கேப்பா?" என்று ஒரு தம்பியிடம் கேட்டேன். "அது பிட்ச்சுக்குப் பண்ணது சார்," என்றார்.

அன்று எங்கள் கிறுக்கல்களைத் தயாரிப்பாளர் கண்ணில் காட்டவே மாட்டோம், யூனிட் முழுக்கப் பார்க்கும். இன்று தயாரிப்பாளர் பார்க்கிறார், ஹீரோ கேரவனில் பார்க்கிறார், ஓடிடி அலுவலகத்தில் பார்க்கிறார்கள். விளக்கைத் தூக்குகிறவர் மட்டும் பார்ப்பதில்லை. அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஷாட் லிஸ்ட் வருகிறது.

பணம் கேட்கப் படம் வரைவது புதிதில்லை. சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யை மையில் காட்சி காட்சியாக வரைந்து தயாரிப்பாளர்களிடம் எடுத்துக்கொண்டு அலைந்தார். யாரும் முன்வரவில்லை. கையில் இருந்த பணத்தைப் போட்டு, மனைவியின் நகைகளை அடகு வைத்து எடுத்தார். கடைசியில் மேற்கு வங்க அரசு உதவ, 1955இல் படம் வெளிவந்தது. முதலீடு கிடைக்காத காலத்தில் ஜப்பானிய இயக்குநர் குரோசவா 'ககெமுஷா'வை வண்ண ஓவியங்களாகத் தீட்டி வைத்தார். ஹாலிவுட் இயக்குநர்கள் ஜார்ஜ் லூகாஸும் கொப்பலாவும் துணை நின்ற பிறகே 1980இல் அது படமானது. ஆனால் இவர்கள் வரைந்தபோது, கேமரா எங்கே நிற்கும், ஆள் எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்று ஒவ்வொரு கோட்டிலும் தாங்களே முடிவெடுத்தார்கள். பிறகு படமெடுக்கப் போனதும் அதே கைதான். இன்று இயந்திரம் வரைந்து தரும் அறையில் கேமராவுக்குப் பின்னால் சுவர் இருக்கிறதா என்று யாரும் யோசித்திருக்கவில்லை. பத்தடி அறையில் இருபதடி தள்ளி நின்று பார்த்தது போல ஒரு ஷாட் கிடைக்கிறது.

கிராஃபிக்ஸ் காட்சிகளிலும் சண்டைகளிலும் நிலைமை வேறு. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கணினியில் முன்கூட்டியே அசைவோடு செய்து பார்க்கிற 'ப்ரீவிஸ்' எங்கள் காலத்தில் இருந்திருந்தால், எத்தனையோ ஸ்டண்ட் கலைஞர்கள் கயிற்றில் தொங்கியபடி, டைரக்டர் யோசித்து முடிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டாம். அங்கே இன்றைய கருவிகளை நான் மனதார வணங்குகிறேன். என் ஆதங்கமெல்லாம் இரண்டு பேர் சமையலறையில் பேசும் காட்சியைப் பற்றியது. மெமரி கார்டு தீராது என்பதால் மூன்று கேமராவை வைத்து எல்லாப் பக்கமும் எடுத்துவிடுகிறார்கள். எது தேவை என்ற முடிவு எடிட்டர் மேஜைக்குத் தள்ளிப்போகிறது. விடிய விடிய நின்ற யூனிட்டின் உழைப்பில் பாதி அங்கே குப்பைக்குப் போகிறது. அந்த உழைப்புக்காகத்தான் கவலைப்படுகிறேன்.

அதனால் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் சிலவற்றைக் கேட்டு வாங்குகிறேன். படப்பிடிப்பு வீட்டுக்கு டேப்போடு போங்கள். அளந்த பிறகு வரையுங்கள்; குச்சி மனிதர்கள் போதும். லென்ஸ், லுக், ஜன்னல் இருக்கும் பக்கம் மூன்றையும் கீழே எழுதுங்கள். போன மாதம் ஒரு குறும்படக் குழு இப்படி வரைந்துகொண்டு வந்தது. தாள்களைத் தரையில் பரப்பியதும், ஃபோகஸ் புல்லர் பெண் குனிந்து, அம்மா அடுப்பிலிருந்து திரும்பும் கட்டத்தையும் மகள் வாசலில் நிற்கும் கட்டத்தையும் ஒரே ஷாட்டாக்கினால் என்ன என்று கேட்டார். கேமராமேன் முடியாது என்றார். டைரக்டர் முடியும் என்றார். சண்டை மதியச் சாப்பாடு வரை நீண்டது. மறுநாள் ஒரே ஷாட்டாகத்தான் எடுத்தார்கள்.