ஊதா நிறப் புஷ்

மச்சானிடம் ஒரு பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் ஏறலாம், கூரையை மடக்கலாம். குடும்பத்தில் நாங்கள் ஏழு பேர். கோயில், கலியாணம் என்றால் இரண்டு பேர் காரில் போவார்கள், மிச்சப் பேர் ஓட்டோவில் பின்னால் போவோம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபோது, "பழசை வைச்சிருக்கிறவன்தான் இனி ராசா" என்றான். 2025 பெப்ரவரியில் மறுபடி கார் கொண்டுவர விட்டார்கள். வரியைப் பார்த்துவிட்டு அதையே இன்னும் சத்தமாகச் சொன்னான்.

ராசாவின் வாகனத்துக்குக் கீழே புஷ் போய்விட்டது. சில்லைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரும்புக் கைகளின் மூட்டில் இருப்பதுதான் புஷ். வெளியே ஒரு குழாய், உள்ளே ஒரு சின்னக் குழாய், நடுவில் இறப்பர். இந்தக் காரில் அது பதினாறுக்கும் மேலே. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்றிருக்கும் எங்கள் கல்லடியில், இறப்பர் கிழிவதற்கு முன்பே போல்ட்டும் உள் குழாயும் துருவேறிச் சம்பந்தம் கலந்துவிடும்.

இறப்பர் புஷ்ஷையே வாங்கிப் போட்டிருக்கலாம். மச்சானுக்குப் பொலியூரித்தேன்தான் வேண்டுமாம். இறப்பரைவிடக் கடினமானது, வளைவில் வேகமாகத் திருப்பினாலும் சில்லு சொன்ன இடத்தில் நிற்கும் என்று விளக்கினான். உண்மைதான். ஆனால் வளைவு எங்கே இருக்கிறது? கல்லடியிலிருந்து ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று கடற்கரையோடு போகும் வீதி பெரும்பாலும் அடிமட்டம் வைத்துக் கோடு கீறியதுதான். வளைவு வேண்டுமென்றால் செங்கலடியால் திரும்பி, பதுளை வீதியில் மலை ஏறும் வரை போக வேண்டும். ஊருக்குள் சட்டப்படி ஐம்பது கிலோமீற்றர் வேகம். நெல் மூட்டை ஏற்றிய ட்ரக்டர் முன்னால் போனால் அதுவும் இல்லை.

புஷ் சுவிஸிலிருந்து சித்தப்பாவின் பெட்டியில் வந்தது. நல்ல ஊதா நிறம். கட்டுநாயக்கவில் பெட்டியைத் திறந்தவர், "விளையாட்டுச் சாமானா?" என்று கேட்டாராம். "ஓம் சேர், நாற்பத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு" என்று சித்தப்பா உள்ளதைச் சொல்லியிருக்கிறார்.

கராஜில் பழசைக் கழற்றியதுதான் பெரிய வேலை. பாஸ் இறப்பரை நெருப்பு வைத்து எரித்தார். மிஞ்சிய வெளிக் குழாயைக் கைவாளால் நீளவாக்கில் அறுத்து, உளியால் உள்ளே மடித்துத் தட்டி எடுத்தார். புதுசு இரண்டு துண்டாக வந்ததால் வைஸில் வைத்து அமுக்க, ஏறிவிட்டது. மச்சான் அன்றைக்கு ஒரு ஸ்பனரைத் தொட்டிருப்பான். தொட்டதைப் படம் எடுத்து சுவிஸுக்கு அனுப்பினான்.

மாரி பெய்து ஓய்ந்ததும் கார் கீச்சிடத் தொடங்கியது. இறப்பர் புஷ் தானே முறுகி இடம் கொடுக்கும், பொலியூரித்தேனோ குழாயைச் சுற்றி வழுக்க வேண்டும். கிறீஸ் கழுவுண்டு போனால் சத்தம்தான். எந்த மூட்டு என்று பார்க்க, மச்சான் காரின் முன்பக்கத்தை அமுக்கி அமுக்கி விட்டான். பாஸ் நிலத்தில் படுத்து, நீட்டு ஸ்குரூட்ரைவரின் நுனியை இரும்புக் கையில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடினார். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணிக்காரர் துடுப்பை வாவிக்குள் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்பது இதே மாதிரித்தான்.

"தம்பி, றப்பர் கிழிஞ்சா பேசாமக் கிழியும். இது ஊரைக் கூப்பிடும்" என்றார் பாஸ், எழும்பிச் சாரத்தைத் தட்டிக்கொண்டு.

கிறீஸ் பூசியதும் சத்தம் நின்றது. அந்தத் துணிவில் பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு மச்சான் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரிடம் புறப்பட்டான். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் வரை அந்த வழியால் போக வாகனத்தைப் பாதை என்கிற மிதவையில்தான் ஏற்ற வேண்டும். அந்தக் காலத்தில் வாவியைக் கடக்கும் மட்டுமாவது இடுப்புக்கு ஓய்வு கிடைத்தது. இப்போது முழுத் தூரமும் றோட்டு, படுவான்கரைக் கிறவல் உட்பட. கோயில் வாசலில் பெரியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினா.

"மனே, றோட்டில கிடக்கிற கல்லு ஒவ்வொண்டும் எனக்குத் தெரியுது. நம்மட லேண்ட்மாஸ்டர்ல போனாலும் இடுப்பு இப்பிடி நோகாது கா. மறுகா நான் பஸ்ஸில வாறன்."

மச்சான் இதைக் காருக்குக் கிடைத்த நற்சான்றிதழாகவே எடுத்துக்கொண்டான். "பாத்தியா, றோட்டை அப்பிடியே உணரலாம்!"

புஷ் மாற்ற நினைக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. இறப்பர் போடுவதென்றால், கார் ஜக்கில் தொங்கும்போது போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்க விடாதீர்கள். நாலு சில்லும் நிலத்தில் பட்டு, கார் தன் பாரத்தில் நின்ற பிறகு இறுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இறப்பர் முதல் நாளே முறுகிக்கொண்டு நின்று சீக்கிரம் கிழியும். பொலியூரித்தேன் என்றால் சிலிக்கோன் கிறீஸ் ஒரு டின் வாங்கி வையுங்கள், மாரி முடிந்ததும் பூசுங்கள். வீட்டில் பெரியம்மா இருந்தால் இறப்பரே போடுங்கள்.