பாய்மரத்தில் குடித்தனம்

கடலே இல்லாத ஆனேக்கல்லில், தவணை கட்டியே தேய்ந்த ஓர் அடுக்குமாடிக்காரருக்குப் புது ஆசை: ஃபிளாட்டை விற்றுவிட்டு, வெப்பமண்டலக் கடலில் பாய்மரப் படகில் குடியேற வேண்டுமாம். லாரித் தண்ணீரும் வேண்டாம், சந்தாபுரா நெரிசலும் வேண்டாமாம்.

பேஷ். அங்கே சுற்றிலும் தண்ணீர்தான். குளிக்க மட்டும் சொம்புக் கணக்கு. ஜன்னலை மூடினால் புழுங்கும், திறந்தால் மழை உள்ளே வரும். தோல் செருப்பில் பூஞ்சணம் பூக்கும். உப்பேறிய துண்டு காயவே காயாது. நாலு நாள் மேகம் போட்டால் சூரியத் தகடு படுத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜ் மீன் நாறும். படகின் அடியில் கொட்டலசு ஒட்டும். சுரண்டுவது வீட்டுக்காரர் வேலை. பூமத்திய ரேகைப் பக்கம் காற்று செத்துவிட்டால் பாய் துவண்டு தொங்கும். அதுவும் நெரிசல்தான், ஹார்ன் மட்டும் கிடையாது.

முடிந்தவர்களும் உண்டு: நம் கடற்படை அதிகாரிகள் தில்னாவும் புதுச்சேரி ரூபாவும் 56 அடிப் பாய்மரப் படகு ‘தாரிணி’யில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். பல ஆண்டுப் பயிற்சி அது. நம்மவரோ குழாய் சொட்டினாலே பிளம்பரைக் கூப்பிடுகிறவர்.

படகுத் துறையிலும் மாதாமாதம் மெயின்டனன்ஸ் உண்டென்று யாரோ சொன்னார்கள். ஆசை அங்கேயே தரைதட்டிவிட்டது.