அஞ்சு வருஷக் கணக்கு

திருத்தணியில் மலைப்படி ஏறப் போகும் தெருவில் அப்பா ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். வளையல், ஸ்டிக்கர் பொட்டு, ஹேர்பின், சாமி கயிறு, கூடவே சினிமா நட்சத்திரங்களின் அட்டைப்படம். மொத்தக் கடையில் சரக்கு எடுக்கும்போது அப்பாவுக்கு ஒரு கணக்கு உண்டு. "ஹீரோயின் படம் அதிகம் எடுக்காதேம்மா. அஞ்சு வருஷம்தான். அப்புறம் மிச்ச அட்டையெல்லாம் நம்ம தலையிலதான்." ஹீரோ படத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. அப்பாவைக் குறை சொல்ல முடியாது. சினிமாக்காரர்களே அப்படித்தான் கணக்குப் போட்டார்கள்.

நானும் த்ரிஷாவும் ஒரே வயது. அவர் பிறந்தது 1983 மே மாதம், சென்னையில். 1999-இல் மிஸ் சென்னை பட்டம் வாங்கினார். அதே வருஷம் வந்த 'ஜோடி' படத்தில் சிம்ரனுக்குத் தோழியாக, பெயர்கூடப் போடாமல், வந்து போனார். எங்கள் ஊரில் அந்தப் படத்தை எல்லோரும் பார்த்தோம். அவரை யாரும் பார்க்கவில்லை.

ஏறத்தாழ அதே சமயத்தில்தான் என்னையும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனார்கள். ஜாதகத்தோடு கொடுக்க ஒரு போட்டோ வேண்டும். பின்னால் அருவி வரைந்த திரை, பக்கத்தில் பிளாஸ்டிக் பூந்தொட்டி. "பல்லு தெரியாம சிரிம்மா" என்றார் போட்டோக்காரர். அம்மா முந்தானையைச் சரிசெய்துவிட்டு, "சிரிக்கவே வேணாம், அடக்கமா இரு" என்றார். 2001-இல் மிஸ் இந்தியா மேடையில் த்ரிஷாவுக்குக் கொடுத்த பரிசின் பெயர் 'அழகான புன்னகை'. அதைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு வந்த ஆற்றாமை இன்னும் நினைவிருக்கிறது. பொறாமை இல்லை அது. ஒரே வயசுப் பெண்கள் இரண்டு பேர். ஒருத்தியின் சிரிப்புக்குப் பரிசு, இன்னொருத்தியின் சிரிப்புக்குத் தடை. நடுவே இருந்ததோ ரயிலில் இரண்டு மணி நேரப் பயணம்தான். மாடலிங் என்ற சொல்லையே அன்று எங்கள் தெருவில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

2002 டிசம்பரில் த்ரிஷாவுக்கு அமீரின் 'மௌனம் பேசியதே', அடுத்த வருஷம் 'சாமி', 2004-இல் தெலுங்கில் 'வர்ஷம்', தமிழில் ஏப்ரலில் 'கில்லி'. அந்த 2004-ஐத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை: திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடித்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லையைப் பேப்பரில் மாற்றினாலும் கடைவாசலில் இரண்டு மொழியும் நிற்கும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்த கூட்டத்தில் நகரிப் பக்கத்துப் பெண்கள் அப்பாவிடம், "அன்னா, வர்ஷம் ஹீரோயின் போட்டோ உந்தா?" என்று கேட்டார்கள். அரக்கோணத்திலிருந்து வந்தவர்கள் "கில்லி தனலட்சுமி படம் இருக்கா?" என்றார்கள். அப்பா இரண்டு பேருக்கும் ஒரே அட்டையை எடுத்துக் கொடுத்தார். அவர்களுக்கு அவர் ஷைலஜா, இவர்களுக்குத் தனலட்சுமி. இரண்டு தரப்பும் எங்கள் பெண் என்றுதான் வாங்கிப் போனது.

அவர் நிலைத்ததற்குக் காரணம் அந்த இரண்டு பக்கமும்தான் என்பது என் எண்ணம். சென்னைப் பெண்ணுக்குச் சிறந்த நடிகை என்று ஃபிலிம்பேர் முதலில் கொடுத்தது தெலுங்குப் படங்களுக்கு. 'வர்ஷம்', 'நுவ்வொஸ்தானண்டே நேனொத்தண்டானா', 'ஆடவாரி மாடலகு அர்த்தாலே வேருலே' என்று மூன்று. தமிழில் அந்த விருது வர '96' வெளியான 2018 வரை ஆயிற்று. தமிழில் ஒரு படம் கைவிட்டால் தெலுங்கில் ஒரு படம் தாங்கும். அங்கே சறுக்கினால் இங்கே. இரண்டு பக்கமும் வியாபாரம் வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பலம் நன்றாகத் தெரியும்.

2010 பிப்ரவரி 26, வெள்ளிக்கிழமை. கௌதம் மேனன் ஒரே கதையை இரண்டு மொழியில் எடுத்து ஒரே நாளில் வெளியிட்டார். தமிழில் 'விண்ணைத்தாண்டி வருவாயா', தெலுங்கில் 'ஏ மாய சேசாவே'. தமிழ் ஜெஸ்ஸி த்ரிஷா. தெலுங்கு ஜெஸ்ஸி, மாடலிங்கிலிருந்து வந்த பல்லாவரத்துப் பெண் சமந்தா. நான் இரண்டையும் பார்த்தேன். முகம் மாறியிருந்தது, மொழி மாறியிருந்தது, ஆனால் குரல் ஒன்றே. இரண்டு பேருக்கும் பேசியவர் சின்மயி. 'கில்லி'யில் த்ரிஷாவுக்குப் பேசியவர் சவிதா. அதே 2010-இல் 'மன்மதன் அம்பு'வில் த்ரிஷா சொந்தக் குரலில் பேசினார். இரவல் குரலில் நாம் இத்தனை வருஷம் கேட்டுப் பழகிய நடிகைகளை நினைத்துக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்தேன். திரையில் முகம் காட்டாத அந்தக் குரல்காரப் பெண்களின் பெயரையும் அப்பாவின் அட்டைகளில் போட்டிருக்க வேண்டும் என்று இன்றும் தோன்றுகிறது.

இப்போது கடை என் பொறுப்பு. அட்டைப்படத்தை யாரும் கேட்பதில்லை. எல்லாம் செல்போனில் இருக்கிறது. ஆனால் 2022-இல் த்ரிஷா குந்தவையாக நடித்த 'பொன்னியின் செல்வன்' வந்ததும், "குந்தவை போட்ட மாதிரி நெத்திச்சுட்டி இருக்காக்கா?" என்று கல்லூரிப் பெண்கள் வந்து நின்றார்கள். தருவித்து வைத்தேன், விற்றது. 2024 ஏப்ரலில் 'கில்லி'யை மறுபடி வெளியிட்டபோது, அந்தப் படம் முதலில் வந்த நாளில் பிறந்தே இராத பிள்ளைகள் கும்பலாகப் போனார்கள். என் பெண்ணும் போனாள். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் அவளை இன்ஸ்டாகிராமுக்குப் புடவை கட்டி நிற்கச் சொல்லிக் கேட்டார். பட்டப்பகலில், எங்கள் கடைவாசலிலேயே படம் எடுத்தார்கள். "நல்லா சிரிம்மா, பல்லு தெரியட்டும்" என்றான் கேமராக்காரப் பையன். அம்மா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையைச் சரிசெய்ய எழுந்து வரவில்லை.

அப்பாவின் கணக்குப்படி 2007-லேயே முடிந்திருக்க வேண்டிய நடிகைக்கு 2025-இல் தமிழில் மட்டும் 'விடாமுயற்சி', 'குட் பேட் அக்லி', 'தக் லைஃப்' என்று மூன்று படம். அப்பாவிடம் சொன்னேன். "அப்போ நான் குறைச்சுத்தான் வாங்கியிருக்கேன்" என்றார்.

எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. மூன்று படத்திலும் கதை ஆண்களுடையது. '96'-இல் ஜானுவாக ஒரே இரவில் ஒரு பெண்ணின் இருபது வருஷத்தை முகத்தில் கொண்டுவந்தவர் அவர். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு என்று ஒரு முழுக் கதையை எழுதி, அதை அவரிடம் யாராவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தமிழில் எழுதினாலும் சரி, தெலுங்கில் எழுதினாலும் சரி, எங்கள் ஊரில் பார்ப்போம்.