மாமனார் வரைக்கும் ஆகாது

நாம் ஊர் சுற்றினால் வீட்டில் திட்டு விழும். சாகசப் பயணத்தோடு சேவையும் செய்யும் அறக்கட்டளைத் தலைவர்கள் ஊர் சுற்றினால் நன்கொடை விழுகிறது. கொடுத்துவைத்தவர்கள்!

அமெரிக்க மலையேறி கிரெக் மார்டென்சன் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் பள்ளிகள் கட்டினார், புத்தகமும் எழுதினார். உலகமே உருகியது. 2012-ல் மாண்டானா மாநில அட்டர்னி ஜெனரல் அவருடைய அறக்கட்டளையின் கணக்கைப் பிரித்தபோது குடும்பச் சுற்றுலா, துணிமணி என்று சொந்தச் செலவுகளும் எட்டிப் பார்த்தன. 10 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கட்ட மார்டென்சன் சம்மதித்தார். மேற்பார்வை பார்த்த நிர்வாகக் குழுவில் அவரையும் சேர்த்து மூன்றே பேர்!

உத்திரமேரூர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கறாராகச் சொல்கிறது: ஊர் நிர்வாகக் குழுவான வாரியத்துக்கு வர 35 முதல் 70 வயது, வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு வேண்டும். முந்தைய மூன்றாண்டில் பதவியில் இருந்தவர் கூடாது. கணக்குக் காட்டாதவர் பெயரை, ஆளைத் தேர்ந்தெடுக்க ஓலைகளைப் போட்டுக் குலுக்கும் குடத்திலேயே போடக்கூடாது. அவர் மட்டுமா? அத்தை மகன், மாமனார், மருமகன், சகோதரி கணவன் வரைக்கும் ஆகாது.

இந்த விதி இன்று வந்தால் பல டிரஸ்டுகளில் காசோலையில் கையெழுத்துப் போட ஆளிருக்காது. வேனில் வந்து அந்தச் சுவர் முன்னால் சிரித்தபடி படம் எடுத்துக்கொள்ளும் ஆயுள்காலத் தலைவர்களுக்கு ஒரே ஆறுதல்: அந்தக் காலத்து எழுத்து யாருக்கும் சட்டென்று படிக்க வராது.