முக்கோணத்தின் மூன்றாம் மூலை

நல்ல ஸ்டீரியோவுக்கு ஒரு முக்கோணம் வேண்டும். இரண்டு மூலையில் இரண்டு ஸ்பீக்கர், மூன்றாம் மூலையில் கேட்பவன். மூன்று பக்கமும் ஏறக்குறைய ஒரே நீளம். அந்த மூன்றாம் மூலையில் உட்கார்ந்தால் பாடுகிறவர் நடுவில் நிற்பார், வயலின்காரர்கள் இடப்பக்கம், தபேலா வலப்பக்கம். ஓரடி நகர்ந்தால் மொத்தக் கச்சேரியும் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். அதாவது, லட்சக்கணக்கில் கொட்டி வாங்கும் சுகம் ஒரே ஒரு தலைக்குத்தான். காசிமேட்டில் எங்கள் வீட்டு ஹாலில் டேப் பிடித்து அளந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தபோது, அங்கே ஆயா உட்கார்ந்திருந்தார். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிற ஒரே இடம் அது.

"கொஞ்சம் எந்திரிக்கிறியா ஆயா?"

"இன்னாத்துக்கு?"

"பாட்டு கேக்கணும்."

"அங்கேருந்து கேட்டா கேக்காதா? நான் சமுத்திரத்தையே இங்கேருந்துதான் கேக்குறேன்."

எங்கள் வீட்டு ஆடியோ வரலாறு பானையில் தொடங்குகிறது. நைனா ரிச்சி தெருவில் 4440 ஐசி போட்ட போர்டும், டிரான்ஸ்பார்மரும், ஒரு ஸ்பீக்கரும் வாங்கிவந்து அவர் கையாலேயே சேர்த்தார். சான்யோ கம்பெனியின் அந்த ஐசி பக்கத்துக்கு ஆறு வாட் கொடுக்கும். ஸ்பீக்கரை வெறுமனே தரையில் வைத்தால் கொசு பாடுகிற மாதிரி இருக்கும். கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால், தாழ்ந்த ஒலி செத்துப்போகும். நைனா அதை மண்பானையின் வாயில் கவிழ்த்தார். பின்பக்கத்துக் காற்று முன்பக்கத்துக் காற்றோடு சேர வழியில்லை. வீடு அதிர்ந்தது.

1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் ஸ்பீக்கரைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைத்து, உள்ளே சிக்கிய காற்றையே ஸ்பிரிங்காக்கி, சின்னப் பெட்டியிலிருந்து பெரிய பேஸ் எடுத்துக்காட்டினார். நைனாவுக்கு ஸ்பிரிங் பற்றி எதுவும் தெரியாது. 'டும்' ஒழுங்காக விழுகிறதா என்பது தெரியும். அது போதும் என்று இன்றுவரை சாதிக்கிறார். நான்தான் அது போதாது என்று அண்ணா சாலைப் பக்கம் ஒரு ஷோரூமுக்குப் போனேன்.

"ரூம் எப்படி சார்?" என்றார் விற்பனையாளர் தம்பி.

"பத்துக்குப் பத்து."

"அது லிசனிங் ரூமா?"

"அதுதான் ஹால், அதுதான் பெட்ரூம். மழை வந்தா துணி காயிற இடமும் அதுதான்."

அவர் முகத்தில் ஒரு டாக்டரின் கருணை படர்ந்தது. காரணத்தை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன். பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவருக்கு நடுவே ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கி நின்று ஆடும். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் இரண்டு ஆட்டமும் ஒன்றுசேரும். பேஸ் கிட்டாரில் 'ஏ' தந்தியின் சுருதி 55 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் சும்மா மூலையில் நிற்கிற ஆள் அல்ல, அது தனியாக இன்னொரு பாட்டே பாடும். அது அந்தத் தந்தியைத் தொடும்போதெல்லாம் எங்கள் பரணில் இருக்கும் எவர்சில்வர் அண்டா சேர்ந்து பாடுகிறது. விலையுயர்ந்த ஸ்பீக்கர் அந்தச் சுருதியை இன்னும் உண்மையாகத் தரும். அண்டாவும் இன்னும் உருகிப் பாடும்.

சரி, அறையை விடுவோம். உயர்தர ஸ்பீக்கரின் அருமையே மெல்லிய ஒலியில்தான் இருக்கிறதாம். பாடகி மூச்சு இழுப்பது, விரல் தந்தியில் வழுக்குவது. இதெல்லாம் கேட்க வெளியே அமைதி வேண்டும். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிமுதல் காலை ஆறுவரை 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே ஐஸ் உடைகிறது, துறைமுகத்தில் ஏலக் குரல் ஏறுகிறது, கன்டெய்னர் லாரி ஹார்ன் அடிக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் கிடக்கும், அந்த 61 நாள் நிம்மதியாகக் கேட்கலாம் என்று ஒரு நண்பன் யோசனை சொன்னான். அவனுக்கு வீடு அடையாறில். கரையில் கிடக்கிற படகைச் சுத்தியலால் தட்டித்தான் பழுது பார்ப்பார்கள் என்பது அங்கே தெரிய நியாயமில்லை.

அடுத்து ஒயர். மீட்டர் கணக்கில் விற்கிறார்கள், விலையைக் கேட்டால் கிலோ கணக்கில் மூச்சு முட்டுகிறது. "ஆக்சிஜன் இல்லாத தாமிரம் சார்" என்றார் தம்பி. எங்கள் ஊர் உப்புக்காற்றில் வெண்கல மணியே பச்சை பூத்துவிடும். இந்தத் தாமிரம் வந்த வேகத்தில் விட்டுப்போன ஆக்சிஜனைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

பக்கத்து வீட்டு அண்ணி ஒருத்தர்தான் என் திட்டத்தை முழுமனதாக ஆதரித்தார். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரே சுவர். பாட்டு வைத்தால் சுவரைத் தட்டுவார், குறைக்கச் சொல்லி அல்ல. "தம்பி, டபுளா வை, எனக்குச் சரியா கேக்கல!" காதுக்கு இரட்டிப்பாகக் கேட்க ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு வாட் தள்ளவேண்டும். இதை எப்படிச் சுவர் வழியாக விளக்குவது?

கடைசியில் ஒரு ஜோடி சின்னப் பெட்டிகளைக் குறித்துவைத்தேன். பின்பக்கம் ஓட்டை இல்லாத, முழுக்க அடைத்த பெட்டி. அண்டாவை அதிகம் உசுப்பாது. எங்கள் வீட்டில் எந்த ஓட்டையைத் திறந்துவைத்தாலும் அதில் பல்லி குடியேறும், அந்தக் கவலையும் இல்லை. இறுதி முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவேண்டும் என்று வீட்டில் அறிவித்தேன். ஹார்மன் நிறுவனத்தில் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதே ஸ்பீக்கர், அதே காதுகள். பார்த்துக்கொண்டே கேட்டபோது பெரிய, பளபளப்பான பெட்டிகள் மதிப்பெண்ணை அள்ளின. திரைபோட்டு மறைத்ததும் சின்னப் பெட்டியோடு இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது.

ஏலத்தில் மீன் எடுத்து விற்கும் அம்மாவுக்கு இது அடுக்கவில்லை. "கண்ணால பாக்காம காசு குடுக்கிறதா? செவுளத் தொறந்து பாக்காம எவனாவது வஞ்சிரம் வாங்குவானா?" என்று கூடவே கிளம்பிவிட்டார்.

ஷோரூம் ஏசி அறையில் பாட்டு ஓடியது. நான் கண்ணை மூடி மூன்றாம் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா எழுந்துபோய் ஸ்பீக்கரின் முகத்துணியைக் கழற்றினார். கூம்பு நடுவில் ஒரு குமிழ் இருக்கும் அல்லவா, அதைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினார்.

"மேடம்!"

குமிழ் உள்ளே போனது போனதுதான்.

"அமுக்குனா திரும்பி எழும்பணும்," என்றார் அம்மா நிதானமாக. "இது எழும்பல. நேத்து சரக்கா?"

தம்பி செல்லோடேப் ஒட்டி இழுத்துக் குமிழை வெளியே கொண்டுவந்தார். சுருக்கம் மட்டும் போகவில்லை. "இது டெமோ பீஸ்தான் மேடம், ரெண்டு வருஷமா ஓடுது..." என்று அவர் வாயிலிருந்து வந்ததுதான் தாமதம்.

"அப்ப பழசுதானே? அத்த முதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

அதன்பிறகு நடந்தது ஏலம். அம்மா பாதியில் தொடங்கினார், தம்பி மேனேஜருக்குப் போன் போட்டார், அம்மா வாசல்வரை போய்த் திரும்பினார். எனக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, முக்கோணத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், புதுசுக்கு நான் பேசிவைத்திருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேலே முடிந்தது. பில் போடும்போது அம்மா கல்லாமேல் இருந்த ஒயர்ச் சுருளைக் காட்டி, "அத்தக் கொசுறா போடு" என்றார். தம்பி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஒயர் வந்தது.

வெளியே அம்மா சொல்லிவைத்திருந்த மீன்பாடி வண்டி காத்திருந்தது. பெட்டிகளை ஏற்றியதும், கயிறு இல்லை என்றார் வண்டிக்காரர். அம்மா சுருளைப் பிரித்து, பெட்டிமேல் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து தம்பி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒயர் நல்லா கெட்டியா கீதும்மா," என்றார் வண்டிக்காரர். "எங்க வாங்குன?"